என் முகவரியில் இருக்கும் 304

மத்தரோ, ஸ்பெயின்,
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீங்கள் ஆழ்கடலுக்குப் போய்விட்டால் நாற்பது நாளைக்குப் போனே கிடைக்காது. கரையில் இருக்கும்போது பேசினாலும் பாதியில் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். கரைக்கு வரும்போது வீட்டில் இருக்கும், ஆற அமர வாசியுங்கள்.

போன தடவை நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். நம் சின்னவன் டூர்னமென்டில் இரண்டு கோல் அடித்ததையும், மைதானத்தில் எல்லோரும் அவனைக் 'குட்டி மெஸ்ஸி' என்று கூப்பிடுவதையும் சொன்னபோது உங்கள் குரலே மாறியிருந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில், பார்சிலோனா கிளப்புக்கு ஆடும் யமாலைப் பற்றி, "உங்க ஊர்ப் பையன் யமால் மெஸ்ஸி அளவுக்கு வருவானா, சொல்லு" என்று கேட்டீர்கள்.

'உங்க ஊர்' என்றது முழுக்கச் சரி, அண்ணே. உறையின் பின்பக்கத்தில் என் முகவரியைப் பாருங்கள். 08304 என்று இருக்கும். யமால் கோல் அடித்துவிட்டு இரண்டு கையின் விரல்களையும் மடக்கி 304 என்று காட்டுவானே, அது இந்தப் பின்கோடின் கடைசி மூன்று எண்தான். ரொக்காஃபோண்டா என்று இந்தப் பேட்டைக்குப் பெயர். பார்சிலோனாவிலிருந்து கடலை ஒட்டியே ரயில் வரும், முப்பது கிலோமீட்டர். சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே நாலு பாறைதான். வேலைக்குப் போகும்போது அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நம் கடற்கரை ஞாபகம் வராத நாள் கிடையாது.

பேட்டை முழுக்க வெளியிலிருந்து வந்தவர்கள். மொராக்கோ, செனகல், காம்பியா, அப்புறம் எங்களைப் போல நாலு பேர். யமாலின் அப்பா மொராக்கோக்காரர், அம்மா எக்குவடோரியல் கினியா. துணி காயப்போட்ட பால்கனிகளுக்குக் கீழே ஒரு சிமென்ட் மைதானம் இருக்கிறது. சின்ன வயதில் அவன் ஆடியது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது நான் பத்து நிமிஷமாவது அங்கே நிற்பேன். போன வாரம் எட்டு வயது இருக்கும், ஒரு பொடியன் வலது ஓரத்தில் பந்தை வாங்கி, இடது காலால் உள்ளே வெட்டி, கம்பி வலையில் அடித்தான். அடித்ததும் திரும்பி, ஆளே இல்லாத பக்கமாகப் பார்த்து 304 காட்டினான். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்திருந்தது, அதை அவன் பார்க்கவே இல்லை. இந்தப் பேட்டையின் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்ட பிள்ளைகள் இன்று அதைக் கையால் காட்டுகிறார்கள். மெஸ்ஸியால்கூட எங்கள் தெருவுக்கு இதைச் செய்ய முடிந்ததில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திறமையைக் கேட்டால், இருக்கிறது. 2023 ஏப்ரலில் பார்சிலோனாவுக்காக முதல் ஆட்டம், அப்போது வயது 15. 2024 யூரோ என்ற ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராகப் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து, கம்பத்தில் பட்டு உள்ளே போன அந்தக் கோல் உங்களுக்கு மறக்காது. 17 வயது முடிந்த மறுநாளே ஐரோப்பிய சாம்பியன். போன மாதம் பாரிஸில், உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பாலன் தோர் விருதில் இரண்டாம் இடம். 18 வயது ஆவதற்குள் பார்சிலோனாவுக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடி 25 கோல் அடித்துவிட்டான். அதே வயதில் மெஸ்ஸி ஆடியது ஒன்பது ஆட்டம், அடித்தது ஒரே ஒரு கோல். புகழும் அப்படித்தான். இந்த வயதில் மெஸ்ஸியை பார்சிலோனாவுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் இந்தக் கணக்கு போதாது, அண்ணே. மெஸ்ஸி பெரிய ஆள் ஆனது 18 வயதில் இல்லை. 2009-லிருந்து 2019 வரை பத்து சீசன், ஒன்றில்கூட 40 கோலுக்குக் குறையவில்லை. பார்சிலோனாவுக்கு மட்டும் 778 ஆட்டம், 672 கோல். நீங்கள் ஒரே ஒரு தடவை பெரிய மீன்பாடோடு வந்ததற்கா ஊரில் உங்களை நல்ல கடலோடி என்கிறார்கள்? இருபது வருஷமாக ஒவ்வொரு தடவையும் படகையும் ஆளையும் பத்திரமாகக் கரை சேர்த்தீர்கள், அதற்காகத்தான். மெஸ்ஸியிடம் இருந்தது அதுதான். அவருக்கும் ஆரம்பத்தில் தசைக் காயம் மாறி மாறி வந்தது, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கில் 2006 இறுதியாட்டத்தில் இறங்கவே முடியவில்லை. யமாலும் இப்போது தொடை சேருமிடத்தில் வலி என்று ஓய்வில் இருக்கிறான். இந்த வயதில் இத்தனை ஆட்டம் ஆட வைத்தால் உடம்பு எப்படித் தாங்கும்? எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். 'அடுத்த மெஸ்ஸி' என்று பார்சிலோனா கூப்பிட்ட முதல் பையன் யமால் இல்லை. 2007-ல் போயான் என்று ஒருவன் வந்தான், வயது 17. மெஸ்ஸியைவிடச் சின்ன வயதில் லீக் கோல் அடித்ததும் ஊரே தூக்கி வைத்து ஆடியது. அந்தப் பிள்ளைக்குத் தலைசுற்றல், பதற்றம். 2008 யூரோவுக்கு ஸ்பெயின் கூப்பிட்டபோது போக முடியவில்லை. அது மனப்பதற்றம் என்று பல வருஷம் கழித்து அவனே வெளியில் சொன்னான். அப்புறம் அன்சு ஃபாத்தி. கினியா பிசாவுவில் பிறந்து வந்த பிள்ளை, 16 வயதில் இறங்கி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தான். 2020 நவம்பரில் முழங்கால் போனது. ஒன்றுக்குமேல் அறுவை சிகிச்சை. 2021-ல் மெஸ்ஸி போனதும் அந்தப் பத்தாம் எண்ணை அவன் முதுகில் மாட்டினார்கள். எனக்கு அதை இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது. கால் முழுசாகத் தேறாத பிள்ளைக்கு அந்தச் சட்டையின் கனம் வேண்டியிருந்ததா? இப்போது வேறு கிளப்பில் ஆடுகிறான். அந்த எண் இந்த ஜூலையிலிருந்து யமாலிடம்.

மெஸ்ஸியையும் இதே கேள்வி விட்டுவைக்கவில்லை. 'மரடோனா ஆவானா, மரடோனா ஆவானா' என்று அர்ஜென்டினா கேட்டுக்கொண்டே இருந்தது. 2016-ல் கோப்பா அமெரிக்கா என்ற தென் அமெரிக்கக் கோப்பையின் இறுதியில் பெனால்டியைத் தவறவிட்டு, இனி நாட்டுக்கு ஆட மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். மனம் மாறித் திரும்பி வந்து 2022-ல் உலகக் கோப்பையைத் தூக்கும்போது அவருக்கு வயது 35. அன்று ராத்திரி நீங்கள் கடலில் இருந்தீர்கள். வயர்லெஸ்ஸில் செய்தி கேட்டுப் படகில் எல்லோரும் கத்தியதைச் சொன்னீர்களே, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அவ்வளவு வருஷம் இருக்கிறது.

யமால் கைக்குழந்தையாக இருந்தபோது மெஸ்ஸி அவனைக் குளிப்பாட்டும் போட்டோவை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். ஒரு காலண்டருக்காக 2007-ல் எடுத்தது, ரொக்காஃபோண்டாவில் குலுக்கல் போட்டு இந்தக் குடும்பத்தைத் தேர்ந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்து 'ஆசீர்வாதம்' என்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. இருபது வயதுப் பையன், பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், வழுக்கிவிடுமோ என்று பயந்து பிடித்திருக்கிறான். நம் பெரியவன் பிறந்தபோது நானும் அப்படித்தான் பிடித்தேன், மதினி சிரித்தார்களே.

அண்ணே, சின்னவனை யாராவது குட்டி மெஸ்ஸி என்று கூப்பிட்டால் நீங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பத்தாம் வகுப்பை நிறுத்திவிட்டு முழுநேரம் பயிற்சிக்கு விடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், உங்கள் காலைப் பிடித்துச் சொல்கிறேன். யூரோவுக்குப் போன யமாலே ஜெர்மனியில் ஓட்டல் அறையில் பாடப் புத்தகம் வைத்துப் படித்துத்தான் நம் பத்தாம் வகுப்பு போன்ற படிப்பில் தேறினான். சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆடட்டும். முழங்கால் வலி என்று சொன்னால் திட்டாதீர்கள், அந்த வாரம் ஆட விடாதீர்கள்.

என் வேலை பரவாயில்லை. மதியம் நாலரை வரை, அப்புறம் ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை சமையலறையில். இங்கே பத்து மணிக்குத்தான் ராச்சாப்பாடே தொடங்கும். குளிர் இன்னும் வரவில்லை. பணம் இருபதாம் தேதி போடுகிறேன், அம்மாவின் கண் மருந்துக்கு அதில் தனியாக எடுத்துவையுங்கள்.

சின்னவனுக்குப் பூட்ஸ் வாங்கி வைக்க வேண்டும், டிசம்பரில் ஊருக்கு வரும் ஒருவர் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு தாளில் இரண்டு காலையும் வைத்துப் பென்சிலால் வரைந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கால் போதாது, அவனுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது.

அன்புடன்,
உங்கள் தம்பி