நம் திரைப்பட மன்றத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், வர இயலாத பெரும்பான்மையினருக்கும் செயலாளரின் வணக்கம்.

செயலவை இவ்வாண்டு ஆறு முறை கூடியது. அவற்றுள் இரண்டு, போதிய எண்ணிக்கையில் ஆள் வராததால் கலைந்தன. தீபாவளி அன்பளிப்பும் தமிழ்ப்பள்ளி ஓவியப் போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவில், கவனிப்பாரற்றுப் போன துப்பறியும் படங்களையும் குதிரைவீரர் படங்களையும் மண்டபத்தில் திரையிடலாம் என்று நான் முன்மொழிந்தபோது, எல்லாமே கைப்பேசியில் கிடைக்கின்றனவே என்று செயலவையில் ஒருவர் கேட்டார். கிடைப்பது உண்மை, யாரும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், பொழுது சாயுமுன்பே பாய் விரித்து இடம் பிடித்தவர்கள் நாம். இன்று நாற்காலி போட்டு, வடையும் தேநீரும் வைத்து அழைத்தும், தொடக்க இரவன்று வந்தவர்கள் பதினொருவர். அவர்களில் இருவர் மண்டபக் காவலாளியின் பிள்ளைகள்.

அன்று திரையிட்டது எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’ (1954). துப்பாக்கி வெடித்துச் சிவாஜி சாய்வதில் தொடங்கும் இப்படத்தில், கொன்றவர் யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அரை மணி நேரம் பொறுத்திருந்த உறுப்பினர் ஒருவர் பாட்டு எப்போது வரும் என்று கேட்டு, வராது என்றதும் வடையோடு எழுந்து போனார். 1943-இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியதை ஒட்டி நடக்கும் கதை அது. அதே ஆண்டில்தான் தம் தந்தையைத் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் கட்டாய உழைப்பில் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள் என்று, பின்வரிசையில் இருந்த மூத்த அம்மையார் கோப்பையைக் கையில் பிடித்தபடியே சொன்னார். தேநீர் ஆறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. கதாநாயகன்மீது அவருக்கு அத்தனை கோபம் ஏன் வந்தது என்பது படம் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

அமெரிக்கக் குதிரைவீரர் படமான ‘தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்’ (1943) பற்றியும் சொல்லியாக வேண்டும். மாடு வளர்ப்பவர் ஒருவர் கொலையுண்டார் என்ற வதந்தியை நம்பி, ஊரார் கூட்டமாகக் குதிரையேறிப் போய் மூன்று பேரைப் பிடிக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படம். கடைசியில் நடிகர் ஹென்றி ஃபோண்டா ஒரு கடிதத்தை வாசிக்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் தொப்பி விளிம்பு ஃபோண்டாவின் கண்களை நமக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. அதை இரண்டு முறை போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

‘ரிஃபிஃபி’ (1955) போட்ட இரவில் நல்ல மழை. ஹாலிவுட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட ஜூல்ஸ் டாசின் பிரான்சில் எடுத்த இப்படத்தில், நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் பேச்சும் இசையும் இல்லாமல் நடக்கிறது. மேல்தளத்தில் துளையிட்டு, அதன் வழியே குடையை இறக்கி விரித்து, உதிரும் காரையை அதில் ஏந்திக்கொள்கிறார்கள். மண்டபத்தின் தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அந்த அமைதி கெட்டதற்குச் செயலாளர் பொறுப்பல்ல.

கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் குதிரையேறிய ‘கங்கா’வுக்கு (1972) நாற்பது பேருக்குமேல் வந்தனர். மகிழ்ச்சியே. ஆனால் அடுத்த மாதம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் கும்பல்களின் நிழலில் வளர்வதைச் சொல்லும் நம் நாட்டுப் படம் ‘ஜகாட்’டுக்கு (2015) வந்தவர்கள் ஏழு பேர். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான அதற்கு, நம் பிள்ளைகளை அழைத்து வருமாறு வீடு வீடாகச் சென்று சொல்லியிருந்தேன். செயலவையிலிருந்து வந்தவர் நான் ஒருவனே.

கணக்கைப் பொறுத்தவரை, வரவுக்கும் செலவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கையிருப்பு ஓரளவு உண்டு. புரொஜெக்டருக்கு விளக்கு மாற்றிய தொகை ‘இதர செலவு’ என்பதில் அடங்கும்; அத்தொகை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. அறுபத்திரண்டு உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் இருபத்து மூவர். ஆண்டுக்கு இருபத்து நான்கு வெள்ளி (ரிங்கிட்) என்பது மாதத்துக்கு ஒரு தே தாரிக்கின், அதாவது ஆற்றிய பால் தேநீரின், விலை. கட்டாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், வடை சுட்டுத் தந்த மகளிர் பகுதியினருக்கும், கணக்காய்வாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறொருவர் ஏற்றால் எனக்கு மறுப்பில்லை. பேச முடியாத வீரனின் கதையைப் பனிப்பொழிவுக்கு நடுவே சொல்லும், இத்தாலிய இயக்குநர் கோர்புச்சியின் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968) தொடங்கி, டிசம்பர் வரைக்குமான படப் பட்டியல் தயாராக இருக்கிறது, அதையும் ஒப்படைத்துவிடுகிறேன். புரொஜெக்டர் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பொறுப்பேற்க விரும்புவோர் எந்த மாலையிலும் வந்து எடுத்துச் செல்லலாம். வரும்போது சந்தா பாக்கியையும் கையோடு கொண்டு வந்தால் ரசீதுப் புத்தகமும் அங்கேயேதான் இருக்கிறது.

பணிவுடன்,
செயலாளர்