வல்லடோலிட் மைதானத்தில் விசில் ஊதியவருக்கு

வணக்கம்.

ஐயா என்று எழுதுவதா, அம்மா என்று எழுதுவதா தெரியவில்லை. ஐயா என்றே வைத்துக்கொள்கிறேன். விசில் சமாச்சாரம் என்றால் சந்தேகம் முதலில் ஆண்கள் மேல்தானே போகும்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: 1982 ஜூன் 21. ஸ்பெயினில் உலகக் கோப்பை. வல்லடோலிட் நகரத்து மைதானத்தில் பிரான்சும் குவைத்தும் ஆடிக்கொண்டிருக்கின்றன. கேலரியில் எங்கேயோ நீங்கள். உங்கள் வாயில் ஒரு விசில்.

பிரான்ஸ் 3-1 என்று முன்னால் இருந்தது, ஆட்டம் கடைசிக் கட்டம். பிரான்சின் பிளாட்டினி தள்ளிவிட்ட பந்தோடு அவர் அணியின் ஜிரெஸ் உள்ளே புகுகிறார். அந்த நேரம் பார்த்து நீங்கள் ஊதுகிறீர்கள். தடுத்தாட வேண்டிய குவைத் டிஃபெண்டர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஜிரெஸ் நிற்கவில்லை. கோல்.

அப்புறம் நடந்ததை உலகமே பேசியது. குவைத் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். குவைத் கால்பந்துச் சங்கத் தலைவர் ஷேக் ஃபஹத், அமீரின் தம்பி, கேலரியிலிருந்து இறங்கி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். சோவியத் நடுவர் ஸ்துபார் கோலை ரத்து செய்தார். பிரெஞ்சுப் பயிற்சியாளர் இதால்கோ கொதித்துப்போய் உள்ளே பாய, போலீஸ்காரர்கள் மறித்தார்கள். கடைசியில் பொசிஸ் இன்னொரு கோல் போட்டு, கணக்கு எப்படியும் 4-1 என்றே முடிந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஷேக்கின் பின்னாலேயே போகிறார்கள். நான் அந்த வீடியோவைப் போடும்போதெல்லாம் டிஃபெண்டர்களைத்தான் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருந்த கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்வது தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பந்தாடப் போகிற பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு: விசில் அடிக்கும் வரை நிற்காதே. எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்வார்கள். அன்றைக்குக் குவைத்தின் பயிற்சியாளர் கார்லோஸ் ஆல்பெர்டோ பரேரா. 12 வருஷம் கழித்துப் பிரேசிலுக்கே கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவர் சொல்லித் தராமலா இருந்திருப்பார்? யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன்கள் பாடத்தை மீறவே இல்லை. விசில் கேட்டது, நின்றார்கள்.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நானும் ஊதியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். மாதா கோயில் திருவிழாவை ஒட்டி மணலில் செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர், நடக்கும். திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை நிறப் பிளாஸ்டிக் விசில், உள்ளே ஒரு உருண்டை கடகடவென்று உருளும், அதைப் பல்லில் கடித்துக்கொண்டு கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபைனல். ஒன்றுக்கு ஒன்று. எதிரணி விங்கர் இடது ஓரமாகத் தனியாகக் கிளம்பிவிட்டான். கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் எங்கள் ஸ்டாப்பர் அண்ணன் மட்டும் அவனோடு தோளோடு தோளாக ஓடி வருகிறார். மணல் என் முகத்தில் தெறிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சத்தியமாக வேண்டுமென்று ஊதவில்லை. பயத்தில் மூச்சு விட்டேன். அது விசில் வழியாகப் போய்விட்டது.

அண்ணன் நின்றார். நின்றதோடு இல்லை, நடுவரைத் தேடித் திரும்பினார். விங்கருக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் பாட்டுக்கு உள்ளே தட்டிவிட்டுப் போனான்.

"விசிலு அடிக்காம எதுக்குலே நின்ன?" என்று கிளப் செயலாளர் ஊர் முன்னால் கத்தினார். "அடிச்சுதுண்ணே, நான் கேட்டேன்" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. நான் விசிலைக் கால் பெருவிரலால் மணலுக்குள் தள்ளி, மேலே மிதித்து நின்றேன்.

பிற்பாடு நானும் டிஃபெண்டராகத்தான் ஆடினேன். அதனால் சொல்கிறேன், டிஃபெண்டர் நிற்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமே இல்லை. எதிராளி ஆஃப்சைடு, அதாவது கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்று பந்து வாங்குகிறான், என்று தோன்றிய உடனே கை மேலே போகும். அதை யாரும் சொல்லித் தர வேண்டாம், தானாகவே போகும். கையைத் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள், முடியாது. தோள் திரும்பும், கண் ஓரத்தில் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேன் பக்கம் போகும், அரை அடி போய்விடும். ஃபார்வர்டுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. கொடி தூக்கிய பிறகும் அவன் ஓடி ஒரு உதை விட்டால் நஷ்டம் ஏதும் கிடையாது. சந்தேகத்தின் செலவு முழுக்க நம் கணக்கில்தான்.

2023 ஜனவரியில் இங்கிலாந்தின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் இதுதான் நடந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ராஷ்ஃபோர்டு நல்ல ஆஃப்சைடில் நின்று பந்தின் கூடவே ஓடினார், ஆனால் பந்தைத் தொடவில்லை. எதிரணி மான்செஸ்டர் சிட்டியின் டிஃபெண்டர் அகாஞ்சி, எப்படியும் கொடி வரும் என்று அவரை விட்டுவிட்டார். பின்னால் வந்த யுனைடெட்டின் புரூனோ பெர்னாண்டஸ் அடித்துவிட்டார். கொடியும் வந்தது. ஆனால் நடுவர் லைன்ஸ்மேனிடம் பேசிவிட்டு கோல் கொடுத்தார். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத தீர்ப்புக்கும் ஸ்கோர் போர்டில் ஒரு எண் ஏறத்தான் செய்கிறது. வீடியோ நடுவர் வந்த பிறகு கொடியை நம்பவே முடியாது. 2018 உலகக் கோப்பையில், ரஷ்யாவின் கசானில், ஜெர்மனிக்கு எதிராகக் கொரியாவின் கிம் யங்-க்வோன் அடித்ததற்குக் கொடி தூக்கினார்கள். பந்து ஜெர்மனியின் க்ரூஸ் காலில் பட்டு வந்தது, அதனால் ஆஃப்சைடு இல்லை என்று வீடியோவில் தெரிந்ததும் கோல். நடப்புச் சாம்பியன் முதல் சுற்றோடு ஊருக்குப் போனது.

சரி, கொடி வேண்டாம், விசிலையே நம்புவோம் என்றால் அதற்கும் வழியில்லை. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட் ஆட்டம், கூடுதல் நேரம், பெங்களூருக்கு ஃப்ரீ கிக். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ் கோலி தன் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்திச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். நடுவர் விசில் ஊதினால்தான் அடிப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது சுனில் சேத்ரி உள்ளே போட்டுவிட்டார். சுவரைத் தள்ளி நிறுத்தச் சொல்லி அடிக்கிற அணி நடுவரிடம் கேட்காதவரை, ஃப்ரீ கிக்குக்குப் பொதுவாக விசில் தேவையே இல்லை. பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு நான்கு கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டம் தடை. வராத விசிலுக்காகக் காத்திருந்த கணக்கு அது.

ஆக, வல்லடோலிட்டில் இல்லாத விசில் கேட்டது, பெங்களூரில் கேட்க வேண்டிய விசிலே இல்லை. காதை நம்பி டிஃபென்ஸ் ஆட முடியாது என்பதுதான் என் கட்சி. நடுவரின் கையைப் பார்க்க வேண்டும், அவர் கால் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் ஓடினால் நீயும் ஓடு. விசில் கேட்டாலும் ஓடு. அதற்காக மஞ்சள் அட்டை வாங்கினாலும் போகட்டும்.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இன்றைய சட்டப் புத்தகத்தில் உங்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. பார்வையாளர் ஊதிய விசில் ஆட்டத்தைக் குலைத்தது என்று நடுவர் நினைத்தால், ஆட்டத்தை நிறுத்தி ட்ராப் பால் கொடுக்க வேண்டும், அதாவது பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும். அதன்படி பார்த்தால் ஷேக் உள்ளே வந்தது தப்பு, ஆனால் அந்தக் கோலை எடுத்தது சரி. இதைச் சொன்னால் பிரெஞ்சுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எங்கள் ஊர் மணலில் அந்தச் சட்டமெல்லாம் யாருக்குத் தெரியும்? செயலாளருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அண்ணன் கிடைத்தார். அடுத்த வருஷம் அவரை அணியில் சேர்க்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் இப்போது காலையில் பொடியன்களுக்குப் பந்து சொல்லித் தருகிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, முழங்காலில் பட்டை. அவரிடம் இரண்டு விசில். ஒன்று கழுத்தில், இன்னொன்று நிக்கர் பையில். பையன்கள் பந்துக்கு முட்டிக்கொண்டு ஓடும்போது பையிலிருக்கிற விசிலை யாரிடமாவது கொடுத்து, தென்னை மரத்துக்குப் பின்னாலிருந்து ஊதச் சொல்வாராம். நின்றவன் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும்.

அன்றைக்கு அந்த ஆள் நான். விசிலை என் கையில் வைத்து, "நான் தலையாட்டும்போது அடிச்சிரு மக்கா" என்றார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவர் தலையாட்டிவிட்டார்.

ஊதினேன். மூன்று பேர் நின்றார்கள். ஒரு பொடியன் மட்டும், கறுத்து மெலிந்த பையன், திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைத் தட்டி வெளியே தள்ளினான்.

அண்ணன் விசிலைத் திரும்ப வாங்கி, சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "நல்லா அடிக்கியே, பழக்கம் உண்டோ?"

இப்படிக்கு,
உங்களைப் போல் ஒருவன்