மொடக்குறிச்சியும் அந்த 1033 பேரும்

அம்மிணிக்கு,

ஹைதராபாத்தில் உன் ஆபீசில் நம்ம தொகுதிப் பேரைச் சொன்னதும், ஆயிரம் பேர் எலெக்‌ஷனில் நின்ற ஊரா என்று சிரித்தார்களாமே. ஆமாம், அந்த ஊர்தான். ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சி, 1996 சட்டமன்றத் தேர்தல், 1033 வேட்பாளர்கள். ஆனால் அது கூத்தடிக்கச் செய்ததில்லை கண்ணு. விவசாயிகளின் கோரிக்கைகளைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை என்று ஆன பிறகு, டெபாசிட் 250 ரூபாய்தானே, ஆளாளுக்கு ஒரு மனுவைப் போட்டு தேர்தலையே திணறடிப்போம் என்று இறங்கினார்கள்.

திணறத்தான் செய்தது. மற்ற ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், நமக்கு மட்டும் தேதி தள்ளிப்போனது. ஓட்டுச் சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக வந்தது. இப்போது மெஷினில் பெரிய கட்சிகள் மேலே, சுயேச்சைகள் கீழே என்று இருக்கிறதே, அப்போது அப்படிப் பிரிப்பது கிடையாது, எல்லாரும் ஒரே அகர வரிசையில் கலந்து கிடப்பார்கள். உன் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, சின்னத்தைப் பார்த்துத்தான் குத்துவார். மறைப்புக்குள் போனவரை வெகுநேரம் காணோம். விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார், வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் "ஆத்தா, படிச்சு முடிச்சாச்சா?" என்று சத்தம் போடுகிறார்கள்.

எண்ணி முடித்தபோது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் சுலபமாக ஜெயித்திருந்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை! இதை வைத்துத்தான் இன்றைக்கும் கேலி. ஜெயிக்க நின்றவர்களாக இருந்தால் கேலி செய்யலாம், இவர்கள் வேறு கணக்கில் நின்றவர்கள்.

அந்த வருஷம் நாம் மட்டுமில்லை. உனக்குப் பக்கத்திலேயே இருக்கிற நல்கொண்டாவில், ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன ஜனங்களுக்காக மக்களவைத் தேர்தலில் 480 பேர் நின்றார்கள். கர்நாடகத்தின் பெல்காமில் 456. டில்லிக்கு இதெல்லாம் எப்படிப் பட்டது தெரியுமா, டெபாசிட் குறைவாக இருப்பதுதான் கோளாறு என்று பட்டது. அதே 1996-இல் சட்டத்தைத் திருத்தி சட்டமன்றத்துக்கு 250-ஐ 5,000 ஆக்கினார்கள், சுயேச்சையை முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றார்கள். இப்போது 10,000 ரூபாய். நம்ம ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது இது. கட்டுப்பாடே கூடாது என்று சொல்லவில்லை, ஆயிரம் பேரை வைத்துத் தேர்தல் நடத்துவது லேசான காரியமா என்ன? ஆனால் ஏன் நின்றீர்கள் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

இடையில் ஒன்று. இதே சுப்புலட்சுமி 1977-லேயே இங்கே எம்.ஜி.ஆர். கட்சியில் ஜெயித்து அமைச்சரானவர். 1996-இல் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் தப்பித்தவர், 2021-இல் பா.ஜ.க.வின் டாக்டர் சரஸ்வதியிடம் வெறும் 281 ஓட்டில் தோற்றார். மாநிலத்தில் அவர் கட்சி ஆட்சியைப் பிடிக்கிறது, இவர் இங்கே தோற்கிறார். நம்ம தொகுதி எப்போதும் இப்படித்தான், ஒரு கணக்குக்கும் அடங்காது.

சரி, சிரித்தவர்களிடம் நிஜாமாபாத்தைப் பற்றிக் கேட்டுப் பார். 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள், முக்கால்வாசிக்கு மேல் மஞ்சளும் சோளமும் போடுகிற விவசாயிகள். டெபாசிட் 25,000 ஆகியும் விடவில்லை. அப்போதைய தெலங்கானா முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா தோற்றார், மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் ஜெயித்தார். இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியத்தை அங்கேயே திறந்துவிட்டார்கள். மஞ்சள் மாநகர் என்று போர்டு வைத்துக்கொண்டு நாம் ஈரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் 185 பேர் நின்று வாரியத்தை வாங்கினார்கள், நாம் 1033 பேர் நின்று டெபாசிட்டை ஏற்றிவிட்டு வந்தோம். எனக்கு அந்த வயிற்றெரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

அப்பா