நிலைவாசலில் நீ

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையை மறுபடியும் போட்டோ கழுவும் இருட்டறை ஆக்கிவிட்டேன். கதவிடுக்கில் கறுப்புத் துணி அடைத்து, சிவப்பு பல்பும் மாட்டியாகிவிட்டது. "போனில் எடுத்தால் போதாதா அப்பா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் புது பிலிம் ரோல் ஒன்று கழுவினேன். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரோ சித்திரையில் 32ஐத் தொடுகிறது. ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி மிதக்கவிட்டுத்தான் வேலை. சூடு மிகுந்தால் பிலிமின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகிவிடும். கடைசியில், படம் மேலும் கறுக்காமல் நிலைநிறுத்தும் ஹைப்போ. அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷெல் 1819இல் கண்டறிந்தார். அதே ஹைப்போ இன்றும் என் தட்டில் கிடப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கை பழகியதும் பழைய தகர டப்பாவைத் திறந்தேன். முற்றத்தில் ஆச்சி அரிசி புடைக்கிற நெகட்டிவ் அகப்பட்டது. 1988இல், ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிமில் எடுத்தது. அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். நெகட்டிவில் ஒரு கீறல் இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் படம்தான். "இதில் மட்டும் நான் ஏன் இல்லை?" என்று சிறு வயதில் எத்தனை முறை சிணுங்கியிருப்பாய்!

அது அவசரத்தில் போட்ட பிரிண்ட். ஆச்சியின் முகத்தை மட்டும் பார்த்து ஒளி கொடுத்தேன். பின்னாலிருந்த நிலைவாசல் வெறும் கறுப்பாகப் போயிற்று. இப்போது நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், அந்த இடத்தில் புகை போல ஏதோ தெரிந்தது. நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் 14 விநாடி ஒளி கொடுத்தேன். அதில் 6 விநாடி, கம்பியில் ஒட்டிய சிறு அட்டையால் வாசலை மட்டும் மறைத்தேன். ஒளி குறைந்தால் தாளில் அந்த இடம் அவ்வளவாகக் கறுக்காது. அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அதன் ஓரம் படத்தில் விழுந்துவிடும். இரண்டு தாள் வீணாயின.

மூன்றாவது தாளை டெவலப்பரில் நழுவவிட்டேன். முதலில் ஆச்சியின் சேலை கறுத்தது. பிறகு முறம் வந்தது. பறக்கும் தவிடு வெள்ளையாகவே நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நிலையைப் பற்றிக்கொண்டு ஒரு சின்னக் கை. வாயில் ஒரு விரல், கணுக்கால் தெரியும் பாவாடை. நீதான், கண்ணம்மா. இத்தனை வருடமும் நீ அங்கேயே நின்றிருக்கிறாய். உன்னை இருட்டில் விட்டவன் நான்.

போனில் எடுத்த படங்களை நான் இரண்டாம் முறை பார்த்ததே இல்லை. இந்த ஒரு படத்தோடு ஓர் இரவு முழுவதும் இருந்தேன்.

பிரிண்டை ஒரு மணி நேரம் தண்ணீரில் அலசிக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். ஈரக் கையால் தொடாதே. கூடத்துப் படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணியில் மாட்ட இன்று இன்னொரு பிரதி போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா