திருவிடைமருதூர்க்காரர் தொடங்கிய வங்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

பயிர்க்கடன், நகைக்கடன் என்று இந்தியன் வங்கிக்குப் போய்வரும் எங்கள் பக்கத்து ஆட்களிடம், அதைத் தொடங்கியதில் முன்னால் நின்றவர் 1863இல் திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் என்று சொன்னால் ‘அப்படியா!’ என்கிறார்கள். 1906இல் சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி திவாலாகி, நம்பிப் பணம் போட்டவர்கள் கையைப் பிசைந்து நின்றபோது, வக்கீலான இவர் அவர்களுக்காக வாதாடியதோடு விடவில்லை. நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கியே வேண்டும் என்று நாட்டுக்கோட்டை நகரத்தார் உள்ளிட்டோரைச் சேர்த்துக்கொண்டு, மறு வருடம் ஆகஸ்ட் 15இல் வங்கியைத் திறக்கவே வைத்துவிட்டார். இது போக, இவர் நிறுவிய மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி, ஆயுர்வேத வைத்தியசாலை, பின்னால் வகித்த ஹைகோர்ட் நீதிபதி பதவி.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காங்கிரஸ் மிதவாதியான இவர், தீவிர தேசியவாதியான பாரதியின் பாட்டைக் கேட்டு மனம் உருகி, கைக்காசில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். (இன்றைக்கு எந்தக் கட்சிக்காரர் எதிரணிக் கவிஞருக்கு இப்படிச் செய்வார்?) 1911இல், 48 வயதிலேயே போய்விட்டார்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தின் கண்ணில் படும்படி தேரோடும் வீதியில் இவரைப் பற்றி ஒரு பலகை வைக்கப் பேரூராட்சியும் வங்கியும் யோசிக்கலாம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

– ஒரு வாசகர், ஆடுதுறை