மனு பார்க்கப் போகும் முன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கோயில் கொடை அடிதடியில் உன் கொழுந்தன் கைதாகி ரிமாண்டில் இருப்பதைப் பற்றி நேற்று ராத்திரி நீ ஒரு பக்கம், கான்பரன்ஸில் சம்பந்தியம்மா அழுதுகொண்டு ஒரு பக்கம் என்று பேசியதில் நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் நின்றிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் ஆபீஸ் முடிந்து வந்து நிதானமாகப் படிக்கட்டும். முடிந்தால் படித்துக் காட்டு, உன் மாமனாருக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டுச் சிறை வாசலில் நின்றவன் சொல்கிறேன். அந்த வாசலில் குடும்பத்துக்கு இருக்கிற வேலை ரொம்பக் கொஞ்சம். ஊரிலிருந்து வேன் பிடித்து எட்டுப் பேர் வருவார்கள், நாள் முழுக்க வெயிலில் நிற்பார்கள், இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவோம். அதே குடும்பத்தில் பெயில் மனு விசாரணைக்கு வருகிற அன்று வக்கீல் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருக்காது. உன் கொழுந்தனைப் பூட்டி வைத்திருப்பது கோர்ட் கொடுத்த ரிமாண்ட் வாரண்ட், அதாவது விசாரணை நடக்கும்போது சிறையில் வைக்கச் சொல்லும் உத்தரவு. திறப்பதும் கோர்ட் காகிதம்தான். ஜெயிலர் மனசு வைத்தால் விட்டுவிடுவார் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்.

முதலில் ஒரு நோட்டு எடு. எந்தப் போலீஸ் ஸ்டேஷன், குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவு, எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், ரிமாண்ட் எந்தத் தேதி வரை, உள்ளே அவனுக்குக் கொடுத்த எண் என்ன, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விவரம் சொல்லி ஆளுக்கொரு வக்கீலைப் பார்ப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய குழப்பம். காகிதம் ஒருவர் கையில் இருக்கட்டும். அது நீயாக இருந்தால் நல்லது. பெங்களூரில் இருந்தபடியே பாதி வேலையைப் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். பாலியல் குற்றம் மாதிரி சில வழக்குகளைத்தான் ஏற்ற மாட்டார்கள்.

எஃப்.ஐ.ஆரில் பிரிவுகளைக் கவனித்துப் பார். 2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, எண்கள் எல்லாம் மாறிவிட்டன. கோயில் கொடையில் நடந்த அடிதடி என்பதால் 296(பி), 115(2), 118(1), 351(3) என்று வரிசையாக இருந்தால் அது வழக்கமாகப் போடுகிற தொகுப்பு. கெட்ட வார்த்தை, காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். 109 என்று இருந்தால் கொலை முயற்சி, பழைய 307. அது இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெயில் கிடைப்பது கஷ்டம், செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கேயும் தள்ளுபடி ஆனால் ஹைகோர்ட் மதுரைக் கிளை. தள்ளுபடி ஆனதும் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

அவனைப் பிடித்துக்கொண்டு போன நேரத்தையும் இப்போதே எழுதி வைக்கச் சொல், மறந்துபோகும் முன். கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கைதான தேதியும் நேரமும் எழுதிய கைதுக் குறிப்பில் வீட்டு ஆளோ ஊரில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு இது. உன் மாமனார் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாரே, அது இதுதானா என்று கேள்.

அடுத்தது அவன் உடம்பு. அவனுக்கு வீசிங் உண்டு என்று கல்யாணத்தின்போதே உன் மாமியார் சொன்ன ஞாபகம். இன்ஹேலர் யார் கையில் இருக்கிறது? டாக்டர் சீட்டோடு கொண்டுபோய், சிறை அலுவலகத்தில் விஷயத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கிளைச் சிறையில் மத்தியச் சிறை மாதிரி ஆஸ்பத்திரி வசதி இருக்காது, முடியாமல் போனால் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். அதனால் முன்கூட்டியே தெரிந்திருப்பது முக்கியம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஷிப்ட் மாறியதும் அந்தத் தகவலும் போய்விடும். ஸ்டேஷனில் அடித்தார்களா என்றும் அவனிடம் கேட்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் உடனே வக்கீல் மூலமாக மாஜிஸ்திரேட்டுக்கு மனு போக வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்து ஜெயராஜையும் பென்னிக்ஸையும் அந்த நிலையில் ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். சில நாளில் இரண்டு உயிரும் போயிற்று. என் துறை ஆட்கள் இதைப் பேச விரும்ப மாட்டார்கள். நான் ரிட்டயர்டு ஆனவன், பேசலாம்.

சரி, மனு பார்ப்பதற்கு, அதாவது சிறைக்குப் போய் அவனைச் சந்திப்பதற்கு, வருகிறேன். நேர்காணல் என்று போர்டில் இருக்கும். மனு பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னால்தான் வாசலில் எல்லோருக்கும் புரியும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர் என்பதெல்லாம் சிறைக்குச் சிறை மாறும், கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இப்போது இ-முலாகாத் என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்கிறார்கள். அதை நீ அங்கிருந்தே செய்யலாம். போகிறவர்கள் எல்லோரும் அசல் ஆதாரை எடுத்துப் போக வேண்டும். அவனுடைய பெயர், அப்பா பெயர், குற்ற எண் மூன்றும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் இருக்கட்டும்.

உள்ளே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது. யார் முதலில் அடித்தது, கம்பு எங்கே போயிற்று என்ற பேச்சே வேண்டாம், நாலு காது கேட்கும். சம்பந்தியம்மா ஒரு தடவை போய் அவனைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும், அது இரண்டு பேருக்குமே வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேண்டாம். அம்மா அழுதுவிட்டுப் போன அன்று ராத்திரி சிறை பிளாக்கில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். தூங்கவும் மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தேதி வேண்டும். பெயில் மனு என்றைக்குப் போட்டார்கள், என்றைக்கு விசாரணை, அடுத்து யார் எப்போது பார்க்க வருவார்கள். இதைச் சொல்லிவிட்டு வந்தால் அவன் நாளை எண்ணிக்கொண்டு ஓட்டிவிடுவான்.

மொட்டை அடிப்பார்களா என்று உன் மாமியார் கேட்டார். இல்லை. ரிமாண்டில் இருப்பவனுக்குச் சொந்தத் துணிதான். தண்டனை பெற்றவர்கள் மாதிரி வேலை செய்ய வேண்டியதும் இல்லை. சாதாரண லுங்கி, சட்டை, துண்டு கொடுத்தால் போதும், விலை கூடினது எதுவும் வேண்டாம். சமைத்த சாப்பாடு கொண்டுபோய் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செலவுக்குப் பணத்தை அலுவலகத்தில் அவன் பெயரில் கட்ட வேண்டும், பி.சி.பி. என்பார்கள். மத்தியச் சிறையில் அதை வைத்து கேன்டீனில் பிஸ்கட், சோப்பு வாங்கிக்கொள்வான். கொஞ்சமாகக் கட்டினால் போதும். பணம் இருக்கிற பையன் என்று பெயர் வாங்கினால் அது அவனுக்கு நல்லதில்லை.

இன்னொன்று, இதை உன் மாமனாரிடம் இரண்டு தடவை சொல். வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் பாவமாகப் பேசி, எனக்கு நேரம் இல்லை அண்ணாச்சி, இந்த சோப்பை மட்டும் உங்கள் பையோடு கொடுத்துவிடுங்கள் என்பார். வாங்கவே கூடாது. சோப்புக்குள் சிம் கார்டும், வாழைப்பழத்துக்குள் கஞ்சாவும் எடுத்தவன் நான். கொண்டுவந்தவர் பெயரில்தான் வழக்கு. அதே மாதிரி, உங்கள் பையனை உள்ளே அடிக்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், ஜிபே பண்ணுங்கள் என்று போன் வரும். ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். முதல் தவணை வாங்கியவன் இரண்டாவது தவணைக்கு வராமல் இருந்ததே இல்லை. நிஜமாகவே அடி என்று சந்தேகம் வந்தால் வக்கீலிடம் சொல்லி மனுப் போடுங்கள்.

வக்கீல் விஷயத்தில் உன் மாமனாருக்கு கௌரவம் தடுக்கிறது என்று தெரிகிறது. காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், அரசு செலவில் வக்கீல் உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 12-வது பிரிவு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100-க்கு போன் போட்டாலும் வழி சொல்வார்கள். இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்க்க மாட்டார் என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராத வக்கீலையும் நான் பார்த்திருக்கிறேன். எவராக இருந்தாலும் வக்காலத்தில், அதாவது அவனுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில், பையனுடைய கையெழுத்து வேண்டும், அதைச் சிறைக்கு அனுப்பி வாங்க ஒரு நாள் பிடிக்கும். முதல் நாளே அந்தத் தாளை அனுப்பிவிடச் சொல்.

அடிதடி வழக்கில் பெயிலுக்கு நிற்கும்போது அரசு வக்கீல் முதலில் சொல்வது, காயம்பட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதுதான். அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்று உங்கள் வக்கீல் விசாரித்து வைத்திருக்க வேண்டும். பழைய வழக்கு எதுவும் இவன்மேல் இல்லை என்பதும் உதவும். ஆனால் சமாதானம் பேசுகிறேன் என்று உன் மாமனார் அந்த வீட்டுக்குப் போகவே கூடாது. அவர் நல்ல மனசோடுதான் போவார். மறுநாள் சாட்சியை மிரட்டினார்கள் என்று கோர்ட்டில் அது வேறு கதையாக நிற்கும்.

பெயில் கிடைத்த பிறகும் பிள்ளைகள் உள்ளேயே கிடப்பது ஜாமீன்தாரர் இல்லாமல்தான். வழக்கமாக இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கண்டிஷன் வருவதும் உண்டு. வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வி.ஏ.ஓ. சான்று என்று கேட்பதை இப்போதே தயார் செய்யுங்கள். உத்தரவு வந்த பிறகு வி.ஏ.ஓ.வைத் தேடினால் அவர் அன்றைக்குத்தான் மீட்டிங் போயிருப்பார். வெளியூர்க்காரர் ஜாமீன் நிற்கக் கூடாது என்று யாராவது சொன்னால், 1978-ல் மோத்தி ராம் வழக்கு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அவர் உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்து எழுதினார். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். ரசீது போலி என்று தெரிந்தால் இன்னொரு வழக்கு.

பெயில் உத்தரவு வந்த அன்றைக்கே வந்துவிடுவான் என்று மாலையோடு போய் நிற்காதீர்கள். சாயங்காலம் சிறை அறைகளைப் பூட்டி லாக்-அப் ஆன பிறகு காகிதம் வந்தால் மறுநாள் காலைதான். பெயரில் இனிஷியல் தப்பு, அப்பா பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, குற்ற எண் மாறிப்போனது, இதற்கே திருப்பி அனுப்பியிருக்கிறோம். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது உள்ளே இருப்பவனை அந்தக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு, இருந்தாலும் விட மாட்டார்கள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி பெயில் உத்தரவு மெயிலில் சிறைக்கு வந்துவிட வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வந்த பிறகு ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடு என்று கண்டிஷன் இருக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது.

ஒருவேளை பெயில் இழுத்துக்கொண்டே போனால் நோட்டில் ரிமாண்ட் ஆன தேதியிலிருந்து 60-வது நாளையும் 90-வது நாளையும் குறித்து வை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, இல்லாவிட்டால் குறைந்தபட்சமே பத்து வருஷம் தண்டனை என்று உள்ள பிரிவுகளுக்கு 90, மற்றதற்கு 60. அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் பெயில் அவனுடைய உரிமை. ஆனால் நாம் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். நாம் கேட்கும் முன் அவர்கள் குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். வக்கீல் ஞாபகம் வைத்திருப்பார் என்று விட்டுவிடாதே.

குண்டாஸ் போட்டுவிடுவார்கள் என்று ஊரில் பேசுவதாகச் சொன்னாய். அது கலெக்டரோ கமிஷனரோ போடுகிற தடுப்புக் காவல் உத்தரவு, பெயிலோடு சேராத தனி விஷயம். அப்படி ஒன்று வந்தால் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

மாப்பிள்ளை உடனே லீவு போட்டு ஓடி வர வேண்டாம், பெயில் விசாரணைத் தேதி தெரிந்ததும் வரட்டும். நான் திங்கட்கிழமை உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறேன். அதற்குள் எஃப்.ஐ.ஆரை இறக்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. மாப்பிள்ளையின் ஆதாரில் அவர் அப்பா பெயர் எப்படி இருக்கிறது, எஃப்.ஐ.ஆரில் எப்படி இருக்கிறது என்றும் ஒரு தடவை ஒத்துப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா