மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

தம்பி,

டிசம்பர் கடைசியில் இங்கே நெதர்லாந்தின் டிரெந்தே மாகாணத்தில் நடக்கிற 200 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் ஓட்டமான டிரெந்தே 200க்குப் பதிந்துவிட்டேன் என்று நீ அனுப்பிய செய்தியை அப்பா வாசித்துக் காட்டிவிட்டு, "உன்னுடைய மகனுக்கு விசர்" என்று சிரித்தார். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அதற்குக் கீழே, "தட்டை நிலம்தானே அம்மா, 200 கிலோமீட்டர் என்றாலும் பெரிய வேலை இல்லை" என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ வளர்ந்த ஊரைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டுமா என்று கேட்பாய். சொல்லத்தான் வேண்டும். அஸ்ஸனில் இருந்த காலம் முழுக்க நீ பந்துதான் அடித்தாய், பள்ளிக்கூடத்தால் சதுப்புக்குக் கூட்டிப்போனபோது சப்பாத்து நனைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாய். சைக்கிள் பைத்தியம் உனக்குச் சுவிஸுக்கு, பேர்ணுக்குப் போன பிறகுதான் பிடித்தது. எனக்கு நீ வீட்டை விட்டுப் போன பிறகு.

முதலில் தட்டை நிலம். உங்கள் மலையில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஏறினாலும் பிறகு இறக்கம் வரும், அப்போது கால் சும்மா நிற்கும். இங்கே இறக்கம் கிடையாது. மிதிப்பதை விட்டால் சைக்கிள் நிற்கும், அவ்வளவுதான். மணிக்கு 20 கிலோமீட்டர் என்று போனாலும் பத்து மணி நேரம், அதுவும் பெரும்பாலும் சீட்டை விட்டு எழும்பாமல். காலுக்கு முன்னம் உட்காரும் இடமும் உள்ளங்கையும்தான் முறையிடும். எங்கள் மாகாணத்தில் மலை என்று பேர் சொல்ல இருப்பது வைஸ்டர் பக்கத்தில் உள்ள வாம்பெர்க், அதுவும் வருடக்கணக்காக வெளியூரில் இருந்து ரயிலில் கொண்டுவந்து கொட்டிய குப்பை மேடு! அந்தக் குப்பை மேட்டில்தான் 2023ல் ஐரோப்பிய சைக்கிள் சாம்பியன் ஓட்டத்தை முடித்தார்கள். இல்லாத ஊரில் இருப்பதை வைத்து எப்படிச் சமாளிக்கிறார்கள் பார்.

மலைக்குப் பதிலாக இங்கே காற்று இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி தென்மேற்கில் இருந்துதான் அடிக்கும், நம் ஊர்ச் சோளகம் மாதிரியே, ஆனால் குளிர். யாழ்ப்பாணத்தில் ரியூஷனுக்கு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவள் நான், அங்கேயாவது வேலியும் பனையும் நடுவில் கொஞ்சம் மறைக்கும். இங்கே ட்விங்கெல்டர்ஃபெல்ட் என்ற தேசியப் பூங்காவில் மறைப்பு என்று ஒன்றும் இல்லை. 3,700 ஹெக்டேர், பெரும்பாலும் ஈரமான புதர்வெளி, முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் வளராத இடங்களில் காற்று நேராக நெஞ்சில் வந்து இடிக்கும். அப்படியான இடத்தில் தனியாக வீரம் காட்டாதே. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொள், உன் முறை வரும்போது முன்னுக்குப் போய்க் காற்றை வாங்கு. முறை எடுக்காமல் பின்னாலேயே ஒளிந்து வந்தால் இந்தச் சனம் மனதுக்குள் வைத்துக்கொள்ளாது, முகத்துக்கு நேரே கேட்டுவிடும்.

அப்புறம் தரை. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த உன்னுடைய அந்தப் பெரிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வராதே. இங்கே முன்னால் மட்டும் இருந்தால் காணும், சீட்டை ஏற்றி இறக்குகிற பொத்தானும் தேவையில்லை. பெரிய பல் வைத்த ரயர் வேண்டாம், அது பத்து மணி நேரமும் உன்னைப் பின்னுக்கு இழுக்கும். ஆனால் காற்றைக் கொஞ்சம் குறைத்து வை, ஏனென்றால் காட்டுக்குள் திடீரென்று மணல் வரும். அப்பல்ஸ்கா பக்கத்தில் ஒரு பெரிய மணல்வெளி இருக்கிறது, காற்றே அள்ளிக் குவித்த மணல், பிட்டு மாவில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. மணலைக் கண்டதும் கியரை இறக்கு, உள்ளே போன பிறகு இறக்கினால் பிந்திவிடும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், வேகமாகச் சுற்றிக்கொண்டே இரு. முன்சக்கரம் தனக்குப் பிடித்த பக்கம் கொஞ்சம் போகும், விடு. திருத்த வெளிக்கிட்டால் விழுவாய்.

சதுப்புக்கு மேலால் போகும் பலகைப் பாலங்களைப் பார்த்து வா. நனைந்த பலகையில் பாசி பிடித்திருக்கும். கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்திருந்தால் பயமில்லை. அடிக்காத பலகையில் பிரேக் பிடிக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது, நேரே பார்த்துப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மழை பெய்து கறுத்த சேறு மணலோடு சேர்ந்தால், பிரேக்கில் உரசிப் பிடிக்கிற கட்டையை, அந்த 'பாட்'டை, அரைத்துத் தள்ளிவிடும். மெட்டல் பாட் போட்டுக்கொண்டு வா, சத்தம் போடும், போட்டால் போடட்டும். ரெசின் பாட் அந்த ஒரு நாளைக்கே தாக்குப்பிடிக்குமோ தெரியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வா, உன்னை ஃபொக்தெலோவர்ஃபேன் என்ற சதுப்புக்குக் கூட்டிப்போகிறேன், மெதுவாக. வீட்டில் இருந்து சைக்கிளிலேயே போகலாம். கிட்டத்தட்ட 2,500 ஹெக்டேர், பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்: மஞ்சள் புல், கறுத்த தண்ணீர், நடுவில் செத்த பேர்ச் மரங்கள். முதல் தடவை எனக்கும் இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. அது முழுக்க முழுக்க மழைத்தண்ணீரில் மட்டும் உயிர் வாழும் நிலம், ஆறும் இல்லை ஊற்றும் இல்லை. ஸ்பாக்னம் என்ற பாசி தன் எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலால் வளரும், அடிப்பக்கம் சாகும். அந்தப் புளித்த, காற்றில்லாத தண்ணீரில் செத்ததும் உக்காது. அப்படிச் சேர்ந்ததுதான் பீட். அது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் ஏறும். ஒரு மீட்டர் என்றால் ஆயிரம் வருடம், தம்பி.

அந்த ஆயிரம் வருடத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக வெட்டி, காய வைத்து, அடுப்பில் எரித்தார்கள். வெட்டுவதற்காகத் தண்ணீரை வடித்தார்கள், வடித்த இடத்தில் பீட் காய்ந்து காற்றுப் பட்டு உக்கி, சேர்த்து வைத்த கார்பனைக் கரியமில வாயுவாக வெளியே விட்டது. இப்போது நத்யூர்மொனுமென்டன் என்ற இயற்கைக் காப்புச் சங்கத்துக்காரர் அணை கட்டி, நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மழைத்தண்ணீரை உள்ளேயே நிறுத்துகிறார்கள். பலன் தெரிகிறது. நெதர்லாந்தை விட்டே போயிருந்த சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் 2001ல் இந்தச் சதுப்பில்தான் திரும்பவும் கூடு கட்டின. நீ வரும்போது அவற்றில் பெரும்பாலானவை தெற்கே போயிருக்கும், அதற்குப் பதில் காட்டு வாத்துகள் பொழுது படும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கும், காது அடைக்கும். இந்த நாட்டில் உள்ள மூன்று வகைப் பாம்பும் அங்கே உண்டு, விஷமுள்ள விரியனும் ஒன்று. வெயில் காலத்தில் சைக்கிள் பாதையிலேயே சூடு காயப் படுத்திருக்கும், நான் இறங்கி நின்று வழி விடுவேன். டிசம்பரில் எல்லாம் நித்திரை, நீ பயப்படாதே.

அதனால்தான் சொல்கிறேன், பாதையை விட்டு இறங்காதே. உங்கள் மலையில் குறுக்கு வழி எடுத்தால் கல் உருளும், யாராவது ஏசுவார்கள். இங்கே உன் ரயர் பத்து சென்ரிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு கீறினால் அது நூறு வருட வளர்த்தி. மழைநாளில் பாதை முழுக்கக் குட்டையாக இருக்கும், ஓரத்தால் சுற்றிப் போகத்தான் கை இழுக்கும், எல்லாரும் அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் ஒரு அடிப் பாதை நாலு அடியாகிறது. குட்டைக்கு நடுவாலேயே போ. நனைந்தால் நனைந்துவிட்டுப் போகிறது, இப்போது நீ அழ மாட்டாய் என்று நம்புகிறேன்.

இந்தப் பாசிக்கு இப்போது வேறொரு தொல்லை, வயலில் இருந்தும் மாட்டுப்பண்ணையில் இருந்தும் காற்றில் வரும் நைட்ரஜன். அது உரமாகி, கட்டைப்புல் எழும்பி எல்லாவற்றையும் மூடுகிறது. 2019ல் நைட்ரஜனுக்கு அனுமதி கொடுத்த முறை செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அது பெரிய சண்டையாகி, 2022ல் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட நாட்டுக் கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள். நான் சதுப்பின் பக்கம்தான், ஆனாலும் அந்தக் கொடி கட்டிய வீடுகளுக்கு முன்னால் சைக்கிளில் போகும்போது, காணியைக் குறைக்கச் சொன்னால் யாருக்குத்தான் நோகாது என்று தோன்றும்.

திரும்பும் வழியில் ஃபேன்ஹாய்சனில் நின்று கோப்பி குடிப்போம். பிச்சைக்காரரையும் அநாதைப் பிள்ளைகளையும் கொண்டுவந்து வேலை வாங்கிய ஊர், 1820களில் தொடங்கியது, 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வீடுகளின் நெற்றியில் 'உழைப்பே உயிர்' என்கிற மாதிரிப் புத்திமதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய மருந்துக்கடையில் 'கசப்பும் இனிப்பும்' என்று இருக்கும், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. வேலை இல்லாதவனைச் சேற்றில் இறக்கிவிட்டுச் சுவரில் புத்தி எழுதியவர்களை எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஓட்டத்தன்று காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், பின்னேரம் நாலே காலுக்கு இருட்டிவிடும். பத்து மணி நேரத்துக்கு இந்த வெளிச்சம் காணாது என்று கணக்குப் போட்டுப் பார். ஹாண்டிலில் ஒரு லைற், தலையில் ஒன்று, இரண்டும் வேண்டும். இருட்டில் பழகவென்று இங்கே வந்து சதுப்புப் பக்கம் போக முடியாது, காப்பு நிலங்களில் பலகையே வைத்திருப்பார்கள், சூரியன் உதித்ததில் இருந்து மறையும்வரைதான் அனுமதி. அதனால் பேர்ணிலேயே பழகிக்கொள். சீட்டில் தொடர்ந்து இருக்கவும் பழகு, ஆற்றோரமாகத் தட்டையான பாதை ஒன்றைப் பிடித்து நாலு மணி நேரம் மிதிப்பதை நிறுத்தாமல் போய்ப் பார், பிறகு எனக்கு எழுது, பெரிய வேலை இல்லை என்று.

உன் சைக்கிள் பெரியது என்பதால் இங்கே ஒன்று வாடகைக்கு எடுக்கலாம் என்று பார்க்கிறேன். உன் இடுப்பு உயரமும், கொண்டுவரப்போகும் பெடல் எந்த வகை என்பதும், முன் பிரேக் எந்தக் கைக்கு வேண்டும் என்பதும் இந்தக் கிழமைக்குள் சொல்லு, பிந்தினால் நல்ல சைக்கிளை எல்லாம் வேறு ஆட்கள் எடுத்துவிடுவார்கள். சப்பாத்து இரண்டு சோடி.

அம்மா